முதலில் உடைந்த பனிக்குடம்

கைரியாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் காலை, அந்த வார்டில் இருந்த எல்லாருடைய கண்ணும் இளையவள் மீதுதான் இருந்தது. அவள் விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. தொட்டால் கை சுட்டது. கைரியாவின் மாமியார் சபியா உம்மா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். நடக்க நடக்க அந்த அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

மூத்தவன் அழவே இல்லை. தாய்க்குப் பக்கத்தில், தொட்டிலில், கண்ணை மூடியபடி கிடந்தான்.

"இவன் தங்கமான புள்ள. பொறந்ததுலருந்து ஒரு சத்தமில்ல. இவள்தான் நம்மள வதைக்கிறாள்" என்று சபியா உம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது இளையவளை இன்னும் இறுக்கிக்கொண்டார். கலியாணமாகி முதலில் பெற்ற பெண்பிள்ளையை அவர் இப்படித்தான் காய்ச்சலில் பறிகொடுத்தவர். நாற்பது நாள் முடியுமுன்னே கத்திக் கத்தியே அடங்கிப் போனதாம். அவர்கள் ஊரான அக்குறணையில் அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கைரியாவுக்கும் காய்ச்சல்தான். உடம்பு முழுதும் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. ஆனாலும் அவள் பார்வை மூத்தவனை விட்டு நகரவில்லை. நேற்று அவன் முலையைப் பற்றி இரண்டு மூன்று இழுப்பு இழுத்தான். இன்று காலை வாயில் வைத்தபோது உதடு அசையவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தாள். மழைநாளில் வெளியே வைத்த பாத்திரம்போலக் குளிர்ந்து கிடந்தது.

"மாமி, இவன் பால் குடிக்கிறான் இல்ல" என்றாள்.

"பசிச்சாக் குடிப்பான். தூங்குற புள்ளய எழுப்பாதீங்க மகள்."

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரி அது. ஐப்பசி மழை ஓய்ந்தபாடில்லை. சன்னல் கண்ணாடிக்கு வெளியே மரங்களும் தெரியவில்லை, வாவியும் தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. குளிருக்குப் பயந்து சபியா உம்மா இளையவளைக் கம்பளித் துணியில் இரண்டு மடிப்பாகச் சுற்றியிருந்தார். காலடியில் சுடுதண்ணீர்ப் போத்தல் வேறு.

டொக்டர் ராஜலிங்கம் வந்ததும் சபியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நோக்கி ஓடினார். யாழ்ப்பாணத்துக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. எதைச் சொல்வதற்கு முன்னும் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனையைப் பார்த்தே வார்டில் சிலருக்கு அவர்மேல் நம்பிக்கை வருவதில்லை.

"டொக்டர், இந்தப் புள்ளயப் பாருங்க. நெருப்பாக் கொதிக்குது. எனக்கேலா இதப் பாத்துக்கிட்டு ஈக்க!"

அவர் இளையவளைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தொட்டிலுக்குப் போய் மூத்தவன்மேல் குனிந்தார். அங்கேதான் அதிக நேரம் நின்றார். அவன் வயிற்றை விரலால் மெல்ல அழுத்தினார். உள்ளங்காலைச் சுண்டினார். பிள்ளை முகத்தைச் சுளித்தான், ஆனால் அழவில்லை.

"பனிக்குடம் எப்ப உடைஞ்சது?" என்று கேட்டார்.

"கார்ல வரக்கொள்ள டொக்டர்" என்று சபியா உம்மா உடனே சொன்னார். "கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி வரக்கொள்ள வலி வந்து, தண்ணியும் உடைஞ்ச. அதுக்கு முந்தி ஒண்டுமில்ல."

டொக்டர் தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை.

"உம்மா, கொஞ்சம் பொறுங்கோ. தாய் சொல்லட்டும்."

கைரியாவுக்கு முகம் எரிந்தது. அன்னிய ஆண்பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? கட்டில் ஓரத்தில் நின்ற தாதி அழகம்மா அதைப் புரிந்துகொண்டவள்போலப் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்றாள். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகள் இருவரையும் கையில் ஏந்தியவளும் அவள்தான்.

கைரியா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கார்ல இல்ல. அதுக்கு முந்தியே. பிங்கா ஓயா பெருகி ரோட்டெல்லாம் தண்ணி நிண்ட நாள்ல தொடங்கின. கொஞ்சம் கொஞ்சமா வந்த. மாமிக்கிட்டச் சொன்ன. கடசி மாசத்துல அப்படித்தான் சொட்டும், மூத்திரம்தான் எண்டாங்க. மருத்துவிச்சியும் வலி வரட்டும் எண்டுதான் சொன்ன. அவர் நாவலப்பிட்டிக்குச் சரக்கெடுக்கப் போய்த் திரும்ப ஏலாம நிண்டார். ரெண்டு நாளும் தண்ணி வந்துக்கிட்டேதான் ஈந்த. அதுக்கு மறுகா…"

"மறுகா?"

"மறுகா நாத்தம் அடிச்ச. குளிரும் நடுக்கமும் வந்த. யாருக்கிட்டயும் சொல்லல்ல."

சபியா உம்மாவின் நடை நின்றது. கையில் இருந்த பிள்ளை மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

டொக்டர் அழகம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாவது பிள்ளை?"

"அதுக்குத் தனிக் கொடம் டொக்டர். பையன் வந்த பெறகு நாந்தான் கையால ஒடச்சேன். தண்ணி சுத்தமா இருந்திச்சு. வாடையே இல்ல."

அவர் திரும்பி இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு, "ரெண்டு பிள்ளையளிலும் ரத்தம் எடுக்க வேணும்" என்றார்.

குதிக்காலில் ஊசியால் குத்தியபோது இளையவள் வார்டே அதிரக் கத்தினாள். மூத்தவன் காலை மெதுவாக இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைக் கைரியா கவனித்தாள். துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டுகளில் இழுத்துப் பரப்பி, ஈரம் காய ஊதிக்கொண்டே டொக்டர் தாழ்வாரத்துக் கோடியிலிருந்த அறைக்குப் போனார். போவதற்கு முன் அழகம்மாவிடம், "அந்தக் கம்பளியைக் கழட்டுங்கோ. போத்தலையும் எடுங்கோ. கொதிச்சு ஆறின தண்ணி கரண்டியாலை குடுங்கோ" என்றார்.

"இந்தக் குளிர்லயா?" என்றார் சபியா உம்மா.

அழகம்மா கம்பளியை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

காத்திருப்பது கொடுமையாக இருந்தது. நடுவில் கைரியாவின் கணவன் ஹாஷிம் வந்து சேர்ந்தான். மழையில் நனைந்த கோட்டும் சேறு அப்பிய சப்பாத்துமாக வார்டு வாசலில் நின்றான். நாவலப்பிட்டியிலிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லொறியிலும் வந்திருந்தான். பிள்ளைகளை முதல் முதலாகப் பார்க்கிறான். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தாயின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இருவர் காதிலும் மெல்லிய குரலில் பாங்கு சொன்னான்.

டொக்டர் திரும்பி வந்தபோது எதையோ எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்போல இருந்தது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹாஷிமுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நுணுக்குக்காட்டியிலை ரெண்டு பேரின்ரை ரத்தத்தையும் பார்த்தன். ரத்தத்திலை வெள்ளை அணுக்கள் எண்டு இருக்கு. கிருமி உள்ளுக்கு வந்தால் அதுகள்தான் போய்ச் சண்டை பிடிக்கும். மகளின்ரை ரத்தத்திலை அதுகள் நல்ல விளைஞ்ச அணுக்கள், இருக்க வேண்டிய அளவிலை இருக்கு. மகன்ரை ரத்தத்திலை…" நிறுத்தினார். "மெத்தக் குறைவு. இருக்கிறதிலையும் கனக்க பிஞ்சுகள். விளைஞ்சதெல்லாம் செலவழிஞ்சு போச்சு. எலும்புக்குள்ளை இருந்து முத்தாததைத்தான் உடம்பு இப்ப அனுப்பிக்கொண்டிருக்கு."

"விளங்கல்ல டொக்டர்" என்றான் ஹாஷிம்.

"கிருமி மகனுக்குத்தான். தாயின்ரை பழுதான தண்ணிக்குள்ளை கிடந்தவன் அவன்தான். மகளின்ரை குடம் கடைசி வரைக்கும் உடையேல்லை. அவளின்ரை சூடு கம்பளியாலையும் பால் காணாததாலையும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா?" சபியா உம்மாவின் குரல் உயர்ந்தது. "காச்சல் இவளுக்கு. நோயாளி அவன் எண்டு சொல்றீங்க. தொட்டுப் பாருங்க டொக்டர், அவன் குளுந்து கிடக்கிறான்!"

"அதுதான் உம்மா எனக்குப் பயம்."

பிறகு அவர் மருந்தைப் பற்றிச் சொன்னார். இரத்தத்தில் இறங்கிய கிருமியைக் கொல்ல இத்தனை காலமும் ஒன்றுமே இருந்ததில்லை. இப்போது சிவப்பாக ஒரு ஊசி மருந்து வந்திருக்கிறது. பிரசவக் காய்ச்சல் கண்ட தாய்மாருக்காகக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி தருவித்திருந்தார்கள். பாதிக்குமேல் முடிந்துவிட்டது. அடுத்த பெட்டி வரவேண்டிய ரயில், கடுகண்ணாவையில் மண் சரிந்ததால் அந்தப் பக்கமே நிற்கிறது. கைரியாவுக்கு மருந்து கட்டாயம் வேண்டும். அவளுக்குப் போக மிஞ்சுவது ஒரு பிள்ளைக்குத்தான் காணும், அதுவும் நாளை வரைக்கும்.

"ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுக்கேலாதா?" என்றான் ஹாஷிம்.

"பிரிச்சால் ஒருத்தருக்கும் காணாது. பிறந்த பிள்ளைக்கு இந்த மருந்தைக் குடுக்கிறதுக்கே எனக்குத் துணிவில்லை. அது தேவைப்படாத பிள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

சபியா உம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மகன், நான் ஒருத்திய இப்படிக் குடுத்தவள். இதே சூடு. இதே சத்தம். எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்குள்ள பாத்தவருக்கு என்னத்தத் தெரியும்? மருந்த இவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

ஹாஷிம் டொக்டரைப் பார்த்தான். "நீங்க சொல்றது பிழையா ஈந்தா?"

"பிழையாயும் இருக்கலாம்" என்றார் டொக்டர். "ரத்தம் மட்டும் சொல்லியிருந்தால் எனக்கும் சந்தேகம் இருந்திருக்கும். தாய் சொன்னதும் ரத்தம் சொல்றதும் ஒண்டாய் இருக்கு. அதாலைதான் சொல்லுறன்."

ஹாஷிம் மறுபடி உம்மாவின் பக்கம் திரும்பினான். அவன் தாயை ஒருநாளும் எதிர்த்துப் பேசியவன் அல்ல. அது கைரியாவுக்குத் தெரியும். அவனுடைய யோசனை நீள நீளத் தொட்டிலில் கிடப்பவனுக்கு நேரம் குறைந்துகொண்டே போகிறது என்பதும் தெரிந்தது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மூத்தவனுக்குக் குடுங்க" என்றாள்.

"மகள்!"

"மாமி, ரெண்டு பேரையும் சுமந்தவள் நான். அந்த நாத்தத் தண்ணி என்ட உடம்புலருந்துதான் வந்த. அவன் அதுக்குள்ளதான் கிடந்தான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. கணவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சப் பாருங்க, நிக்காம ஓமெண்டு சொல்லுங்க. இவளுக்கு ஒண்டு நடந்தா அந்தப் பழி எனக்கு வரட்டும்."

ஹாஷிம் ஓமென்று தலையசைத்தான். சபியா உம்மா பிள்ளையோடு வார்டை விட்டு வெளியே போனார்.

முதல் ஊசி போட்டதும் ஹாஷிமும் புறப்பட்டான். ரயில் இல்லாவிட்டால் என்ன, குருநாகல் வழியாகக் கொழும்புக்குக் கார் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டொக்டர் மருந்தின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். உடுப்புக்கூட மாற்றவில்லை அவன்.

பின்னேரம் போல் இளையவளின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கம்பளி இல்லாமல், மெல்லிய துணியில், கரண்டி கரண்டியாகத் தண்ணீர் குடித்து அவள் தாழ்வாரத்தில் சபியா உம்மாவின் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள். அழகம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டிருச்சும்மா. வேர்த்திருக்கு பாருங்க" என்றாள். சபியா உம்மா குனிந்தார். தன் புறங்கையாலும் ஒருமுறை, கன்னத்தாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். நம்ப முடியாமல் பிள்ளையின் கழுத்து மடிப்பில் விரலை வைத்தார். அங்கேயும் குளிர்ச்சிதான்.

உள்ளே மூத்தவனுக்குத் துணி மாற்றப் போன கைரியா அலறிவிட்டாள். துணி முழுதும் சிவப்பு.

"ரத்தம்! புள்ளக்கி ரத்தம் போகுது!"

முதலில் ஓடி வந்தவர் சபியா உம்மாதான். அழகம்மா துணியை வாங்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ரத்தமில்லம்மா, மூத்திரத்துல மருந்தோட நெறம். சொல்ல மறந்திட்டேன், மன்னிச்சிக்கங்க. உங்களுக்கும் அப்படித்தான் போகும்." சபியா உம்மா அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தார். அதன்பிறகு வெளியே போகவில்லை.

மறுநாள் காலையில் நிலைமை மோசமானது. மூத்தவனின் நிறம் சாம்பலாகிவிட்டது. இழுத்து இழுத்து மூச்சு விட்டான். திடீரென்று மூச்சு நின்றது. அழகம்மா உள்ளங்காலைச் சுண்டினாள், நெஞ்சைத் தேய்த்தாள். கைரியா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விக்கல்போல வந்து மூச்சு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. பெட்டியில் இருந்த கடைசி மருந்தை டொக்டர் ஊசியில் ஏற்றினார். காலிப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

சபியா உம்மா மெல்லக் குனிந்து, அவள் காதருகே சொன்னார்.

"மகள், புள்ளக்கிப் பேர வைங்க."

ஏழாம் நாள் வைக்க வேண்டிய பேர் அது. ஏன் இப்போதே வைக்கச் சொல்கிறார் என்று கைரியாவுக்குத் தெரியும். பேரில்லாமல் ஒரு பிள்ளை மண்ணுக்குப் போகக்கூடாது. வேண்டாம் என்று கத்த வந்தது. ஆனால் மாமியின் முகத்தில் சூது இல்லை, வன்மம் இல்லை. இந்த வழியில் முன்னொருமுறை நடந்து வந்த ஒரு பெண்ணின் களைப்புத்தான் இருந்தது.

"ஷிராஸ்" என்றாள். வாப்பா இல்லாத இடத்தில், யாரையும் கேட்காமல், அவளே வைத்தாள். பிறகு தொட்டிலில் முகத்தை வைத்து, "ஷிராஸ், மூச்சு விடுங்க மகன்" என்றாள். "விடுங்க. உம்மாக்காக."

அழகம்மாவுக்கு வேறு கட்டிலில் பிரசவம். அவள் போக வேண்டியிருந்தது. "நான் பாக்குற" என்று சொல்லிச் சபியா உம்மா தொட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டார். பிள்ளையின் நெஞ்சில் கண்ணை வைத்து, மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் காலைச் சுண்டினார். வாய் ஓதிக்கொண்டே இருந்தது. கை நிற்கவில்லை. சாப்பாடு வந்து ஆறிப்போனது. பாலைப் பிழிந்து கண்ணாடிக் குழாயால் சொட்டுச் சொட்டாக விடும்போது மட்டும் கைரியாவிடம் இடம் கொடுத்தார். பிறகு மறுபடியும் கதிரைக்குத் திரும்பினார்.

ஹாஷிம் வந்தபோது உச்சி தாண்டியிருந்தது. குருநாகல் பாதையிலும் மரம் விழுந்து கிடந்ததாம். கோட்டுக்குள்ளே, சட்டையோடு ஒட்டி, நனையாமல் ஒரு சிறு பெட்டி. வாசலிலேயே நின்று, யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லாமல், "உசிரோட ஈக்கிறானா?" என்று மட்டும் கேட்டான்.

"ஈக்கிறான்" என்றார் அவன் உம்மா.

டொக்டர் நாள்தோறும் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார். முதல் இரண்டு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "பொறுங்கோ" என்பார். அடுத்த நாள் தாழ்வாரத்தில் வழக்கத்தைவிட வேகமாக நடந்து வந்தார். "விளைஞ்சது வரத் தொடங்கியிட்டுது. எண்ணிக்கையும் கூடியிருக்கு" என்றார். அன்று ஊசி குத்தியபோது ஷிராஸ் காலை உதைத்து, மெலிந்த குரலில், கோபமாக அழுதிருந்தான். அந்த அழுகையைக் கேட்டு வார்டே சிரித்தது. கைரியா மட்டும் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவளுக்குக் காய்ச்சல் விட இன்னும் சில நாள் எடுத்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள், தாதி இல்லாத நேரத்தில், தானாகவே டொக்டரிடம் பேசினாள்.

"மருந்தாலயா டொக்டர் பொழைச்சான்?"

அவர் வழக்கம்போல யோசித்தார். "மருந்தாலை எண்டு சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனால் தெரியாது பிள்ளை. இதே மருந்து குடுத்தும் போன தாய்மார் இருக்கினம். நீங்கள் அண்டைக்கு வாய் திறக்காட்டில் நான் மருந்தை எடுத்திருக்கவே மாட்டன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அடுத்த மழைக்காலத்தில் அக்குறணையில் அவர்கள் கடைக்குப் பின்வீட்டுப் பெண்ணுக்கு மாதம் நெருங்கியது. ஒரு காலை அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வெட்கத்தோடு கைரியாவிடம் ஏதோ முணுமுணுத்தாள். கைரியா இடுப்பில் ஒரு பிள்ளையும் காலடியில் தவழும் இன்னொன்றுமாக நின்றாள். அவள் பதில் சொல்லுமுன்னே உள்ளேயிருந்து சபியா உம்மா வெளியே வந்தார்.

"என்ன, தண்ணி சொட்டுதா?"

"மூத்திரமோ தெரியல்ல மாமி. வலியொண்டும் இல்ல. நாளைக்கிப் பாப்பம் எண்டு…"

"நாளைக்கா?" சபியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். "உடுப்ப மாத்துங்க. ஹாஷிம்! காருக்குச் சொல்லுங்க மகன். ஓயா இன்னம் ஏறல்ல, இப்பவே போகோணும். டொக்டர் கேட்டா எப்ப தொடங்கின எண்டு வெக்கப்படாமச் சொல்லுங்க, விளங்கினதா? நானும் வாறேன்."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் கைரியாவைப் பார்த்தாள்.

"போங்க" என்றாள் கைரியா. "மாமி சொல்றதக் கேளுங்க."